"நாய்க்கு நாலு காப்ஸ்யூல் கொடுங்க!"

மாலை 7 மணி. பெரம்பூர் பக்கம் ஒரு மருந்துக் கடை. ஆபீஸ் விட்டு வந்த கூட்டம் கடை வாசலில் மொய்க்கிறது.

கையில் டிபன் பையோடு ஒரு குமாஸ்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வருகிறார்.

"தம்பி, அமாக்ஸிசிலின் காப்ஸ்யூல் நாலு கொடு."

"யாருக்கு சார்?"

"நாய்க்குப்பா. டைகருக்கு வயித்துல கொப்புளம் கொப்புளமா வந்திருக்கு. ஓயாம சொறியுது."

"எவ்வளவு பெரிய நாய் சார்?"

குமாஸ்தா முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டுகிறார். அதுதான் அளவு! கடைக்காரப் பையன் கத்தரிக்கோலை எடுக்கிறான். அட்டையில் இருந்து நாலு காப்ஸ்யூல் வெட்டி விழுகிறது. காசு கை மாறுகிறது. "அடுத்தவர் வாங்க!"

ஒரு நிமிடத்தில் வைத்தியம் முடிந்துவிட்டது. டாக்டர் இல்லை. சீட்டு இல்லை. ஏன், நோயாளியான நாயே அங்கு இல்லை!

அந்தக் குமாஸ்தாவுக்குப் பெயர் எதற்கு? நாய், பூனை வளர்க்கும் நம்மில் பலர் அவர்தான். அவருக்கு டைகர் மீது பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாசம்தான் அவரைக் கடைக்கு ஓட வைத்தது. ஆனால் அந்தப் பாசம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா?

மூன்றாம் நாள் நிறுத்தம்

ஒரு நாளைக்கு ஒரு காப்ஸ்யூல் வீதம் டைகர் விழுங்கியது. மூன்றாம் நாள் சொறிவது கொஞ்சம் குறைந்தது போல் இருந்தது.

"பரவாயில்லையே, கேட்டுடுச்சு!" என்று குமாஸ்தா மருந்தை நிறுத்தினார். மீதி ஒரு காப்ஸ்யூலை அலமாரியில் பத்திரப்படுத்தினார். பையனுக்குத் தொண்டை வலி வந்தால் ஆகுமே!

பத்தே நாள். கொப்புளம் மறுபடி வந்தது. இந்தத் தடவை தொடை இடுக்கு வரை பரவி விட்டது.

மறுபடி மருந்துக் கடை. "அது கேக்கலைன்னா இதைக் குடுத்துப் பாருங்க சார். இது பவரு!" என்று சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கைக்கு வந்தது. அதுவும் நாலே நாள்தான்.

ஒரு மாதம் ஆயிற்று. டைகரின் வயிறு முழுக்கச் செதில். முடி கொட்டி, நாற்றம் எடுத்தது. "என்னங்க, வீட்டுல சின்னப் புள்ளை இருக்கு. ஒண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லைன்னா நாயை வேற எங்கயாவது விட்டுடுங்க" என்று வீட்டுக்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை லீவு போட்டார். ஆட்டோவில் டைகரை ஏற்றிக்கொண்டு வேப்பேரிக்குக் கிளம்பினார்.

வேப்பேரியில்

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நேற்று முளைத்தது அல்ல. 1903-ல் தொடங்கியது. காலையில் போனால் நாயும் பூனையும் வரிசையில் காத்திருக்கும்.

டைகர் மேஜை மேல் ஏறியது. டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

"இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை கொடுத்தீங்க?"

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். இரண்டு பெயரையும் சொன்னார்.

"எத்தனை நாள்? எத்தனை வேளை? நாய் எடை என்ன?"

எதற்கும் சரியான பதில் இல்லை. எடை போட்டுப் பார்த்தார்கள். 24 கிலோ.

அப்புறம் டாக்டரம்மா ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, கொப்புளத்தின் மேல் ஒற்றி எடுத்தார். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சில நிமிட வேலைதான். திராட்சைக் கொத்து போல் உருண்டை உருண்டையாகக் கிருமிகள்!

நாயின் தோலில் இப்படிச் சீழ்க்கொப்புளம் போடும் கிருமிக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நல்ல நாயின் உடம்பிலும் இது சும்மா குடியிருக்கும். தோல் கெட்டுப் போனால்தான் தலை தூக்கும்.

டைகரின் தோல் ஏன் கெட்டது? வாலடியில் முடியை விலக்கினால் தெள்ளுப்பூச்சி! அது கடிக்கக் கடிக்க நாய் சொறிந்தது. சொறிந்த இடத்தில் கிருமி புகுந்தது. தெள்ளுப்பூச்சியை விட்டுவிட்டுக் கிருமிக்கு மட்டும் மருந்து கொடுத்தால்? குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதைதான்.

ஏன் கேட்கவில்லை?

முதலில் கொடுத்த அமாக்ஸிசிலின் நல்ல மருந்துதான். ஆனால் இந்தத் தோல் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்தையே வெட்டிப் போடும் ஒரு பொருளைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதனால்தான் தோல் நோய்க்கு டாக்டர்கள் அமாக்ஸிசிலினைத் தனியாகக் கொடுப்பதில்லை. அந்த வெட்டுக்கத்தியை மழுங்கடிக்கும் கிளாவுலானிக் அமிலத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அல்லது செஃபலெக்சின் போன்ற வேறு மருந்து எழுதுவார்கள்.

இரண்டாவது கொடுத்த "பவரு" மருந்து? மனிதன் குடலில் சிப்ரோஃப்ளாக்சசின் நன்றாக இறங்கும். நாய் குடலில் அப்படி இறங்காது. ஒரு நாய்க்கு ஓரளவு ஏறும். இன்னொரு நாய்க்கு அதில் பாதிகூட ஏறாது. பூனைக்கு இன்னும் மோசம்.

ஆக, டைகரின் உடம்பில் இரண்டு மருந்தும் போயின. ஆனால் கிருமியைக் கொல்லும் அளவுக்குப் போகவில்லை. கிருமிக்குப் பாடம் கற்றுக்கொடுக்கும் அளவுக்குப் போயின!

சீழைப் பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில நாளில் ரிசல்ட் வந்தது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எந்த மருந்துக்குச் சாகாது என்று வரிசையாக எழுதியிருந்தது. குமாஸ்தா கடையில் வாங்கிய இரண்டு மருந்துக்கும் நேரே ஒரே எழுத்து: "ஆர்". அதாவது, அந்தக் கிருமி அந்த மருந்துக்கு மசியாது.

எல்லா நோய்க்கும் இதுவா?

இன்னொரு தப்பும் நம் ஊரில் சகஜம். காய்ச்சலா, பேதியா, வாந்தியா, எதற்கெடுத்தாலும் ஆண்டிபயாடிக்! அது பாக்டீரியா என்ற கிருமியைத்தான் கொல்லும். வைரஸைத் தொடாது.

குட்டி நாய்களை ரத்தபேதியில் சாய்க்கும் பார்வோ நோய் வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசிதான் கவசம். பார்வோ வந்த குட்டிக்கு டாக்டர் ஆண்டிபயாடிக் போடுவார், உண்மை. குடல் புண்ணாகி, அந்த வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் ஏறாமல் இருக்கத்தான் அது. அதையும் ஊசியாகப் போடுவார். வாந்தி எடுக்கும் குட்டிக்கு மாத்திரை எப்படித் தங்கும்?

கண்டதைத் தின்று வயிறு கெட்ட நாய் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டு இருந்தால், பெரும்பாலும் ஆண்டிபயாடிக் இல்லாமலே சில நாளில் சரியாகிவிடும். தண்ணீரும் எளிய சாப்பாடும் போதும். ரத்தம் போனாலோ, சோர்ந்து படுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

பூனை மூலைக்கு மூலை போய் முக்கும். கத்தும். மூத்திரம் வராது. "சூடு பிடிச்சிருக்கு, கிருமி இருக்கும்" என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் இளவயதுப் பூனைகளின் மூத்திரக் கோளாறில் கிருமி இருப்பது அபூர்வம். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஊசி முனை போலச் சின்னது. அது அடைத்துக்கொண்டால் விஷம் ரத்தத்தில் ஏறும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்! மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் எமன். அடைப்பை எடுத்துவிட்டால் பிழைக்கும் உயிர் அது.

எந்த நோய்க்கு எது?

சரி, மாத்திரை எப்போதுதான் வேண்டும்? வேண்டிய இடம் நிறைய உண்டு.

பூனையும் பூனையும் சண்டை போட்டால் பல் பட்ட இடம் மேலே மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் கட்டும். காய்ச்சல் வரும். முதல் வேலை கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவது. அதன் பிறகுதான், தேவைப்பட்டால் மாத்திரை. சீழ் உள்ளே இருக்கும்போது மாத்திரை மட்டும் போட்டால் மருந்து அந்த இடத்துக்குள் சரியாகப் போகாது.

உண்ணிக் காய்ச்சல் சென்னை நாய்களுக்குப் பழகிய எதிரி. உண்ணி கடித்து வரும் எர்லிக்கியா நோயில் நாய் சாப்பிடாது, சோர்ந்துவிடும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள். வழக்கமாக 28 நாள்! ஒரு வாரத்தில் நாய் துள்ளிக் குதிக்கும். உடனே மருந்தை நிறுத்தினால் நோய் உள்ளே பதுங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் இன்னொன்று: எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வரும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக் காய்ச்சல். நாய்க்கும் வரும், மனிதனுக்கும் வரும். இதற்கும் டாக்சிசைக்ளின் உதவும். நாய்க்குத் தடுப்பூசியும் உண்டு.

இந்த டாக்சிசைக்ளின் டெட்ராசைக்ளின் வம்சம். அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். 1940-களில் அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! நம் ஊரில் படித்தவர் முன்னின்று வளர்த்த மருந்துக் குடும்பத்தை நாமே வீணடிக்கலாமா?

பாலில் கலக்காதீர்!

டைகர் கதைக்கு வருவோம். "மாத்திரையை எதுல வச்சுக் கொடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பால்ல கரைச்சேன் டாக்டர். மிஞ்சினதைத் தயிர் சாதத்துல வச்சேன்."

அங்கேயும் தப்பு! டெட்ராசைக்ளின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைப் பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து கட்டிப் பிடித்துக்கொள்ளும். குடலில் இறங்க வேண்டிய மருந்தில் ஒரு பங்கு வெளியே போய்விடும். கறித் துண்டிலோ, சாத உருண்டையிலோ வைத்துக் கொடுக்கலாம். எந்த மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம், எதை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பூனைக்கு மாத்திரை கொடுப்பது தனி வித்தை. தொண்டையில் தள்ளிவிட்டால் போச்சு என்று நினைக்கக் கூடாது. வெறும் மாத்திரை உணவுக் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். டாக்சிசைக்ளின் அப்படி ஒட்டினால் குழாய் புண்ணாகிச் சுருங்கிவிடும். பிறகு பூனையால் சாப்பாடே விழுங்க முடியாது. அதனால் மாத்திரை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 அல்லது 6 மில்லி தண்ணீரை வாய் ஓரமாக மெதுவாக விட வேண்டும். அல்லது ஒரு கவளம் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. என்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்து கால்நடை டாக்டர்கள் அடிக்கடி எழுதுவதுதான். ஆனால் பூனைக்கு அளவு மீறினால் கண் பார்வை போய்விடும்! வளரும் நாய்க்குட்டிக்கு மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். முழங்காலுக்கு மேலே கையைக் காட்டி அளவு சொல்லும் விஷயமா இது?

ஆண்டிபயாடிக் வாங்கும் கையோடு "காய்ச்சலுக்கு" என்று பாரசிட்டமாலும் வாங்குகிறவர்கள் உண்டு. பூனைக்குப் பாரசிட்டமால் விஷம். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்கு இபுபுரூஃபன் கொடுத்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மனிதர்களுக்கான சில சிரப்புகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் என்ற பொருள் சேர்க்கிறார்கள். அதுவும் நாய்க்கு விஷம்.

எத்தனை நாள்?

"கோர்ஸ்" என்றால் எத்தனை நாள்? எல்லாருக்கும் ஐந்து நாள் என்று கணக்கு இல்லை. நாய்க்கு வரும் சாதாரண மூத்திரப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும் என்பது இன்றைய வைத்திய முறை. மேல்தோல் சீழ்க்கொப்புளத்துக்கு இரண்டு வாரம் கொடுத்து, மறுபடி நாயைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆழமான புண்ணுக்கு இன்னும் கூடும். உண்ணிக் காய்ச்சல் கணக்கு மேலே பார்த்தோம்.

பல தோல் கொப்புளங்களுக்கு மாத்திரையே வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால், வாரத்தில் இரண்டு மூன்று தடவையிலேயே அடங்கும்.

எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கை இங்கே வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அது நாயின் எடை, வயது, சிறுநீரகம், ஈரல், சினையா இல்லையா என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் போடும் கணக்கு. கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் விஷயம் அல்ல!

1945-ல் சொன்ன எச்சரிக்கை

1928-ல் பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃப்ளெமிங். 1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில் அவர் ஒரு கதை சொன்னார்.

ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு. அதைப் பழக்கப்படுத்தப் போதுமான அளவு. பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. அவள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார் ஃப்ளெமிங். மருந்தை அலட்சியமாகச் சாப்பிட்ட கணவன்தான் என்றார்.

நாய்க்குப் போட்ட மருந்து நாயோடு போகாது. நாம் அதைத் தடவுகிறோம். பிள்ளைகள் கட்டிப் பிடிக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மனிதனும் நாயும் கிருமிகளைப் பரிமாறிக்கொள்வது உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த கிழவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. டைகருக்கு வீணடித்தது பையனுக்குத் தொண்டை வலி வந்தால் வேண்டிய அதே மருந்துதானே?

மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். மத்திய அரசு 2016-ல் இதைப் பற்றிப் பிரசாரமே நடத்தியது. கோடு நாய்க்கும் சேர்த்துத்தான்.

கேட்க வேண்டிய ஐந்து

கால்நடை டாக்டரிடம் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்:

1. இது பாக்டீரியாதானா? சோதனை செய்து பார்க்கலாமா?

2. மாத்திரை இல்லாமல் ஷாம்பூ, களிம்பு, கட்டியைக் கீறுவது இவற்றில் தீருமா?

3. எத்தனை மணிக்கு ஒரு தடவை? சாப்பாட்டோடா, வெறும் வயிற்றிலா?

4. எத்தனை நாள்? மறுபடி எப்போது காட்ட வேண்டும்?

5. வாந்தி எடுத்தால், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது?

முன்பு கொடுத்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் நாயின் எடை! தண்ணீர் கலந்த அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் சிரப்பை ஃபிரிட்ஜில் வையுங்கள். அட்டையில் போட்ட நாள் முடிந்ததும் கொட்டிவிடுங்கள். அடுத்த நோய்க்கு எடுத்து வைக்காதீர்கள்.

டைகர் என்ன ஆயிற்று?

டைகருக்கு முதலில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து. வாரம் மூன்று நாள் ஷாம்பூக் குளியல். சோதனையில் "எஸ்" என்று வந்த, அதாவது கிருமி மசிகிற மருந்து, காலை ஒன்று மாலை ஒன்று. இரண்டு வாரம் கழித்து மறுபடி வேப்பேரி. இன்னும் ஒரு வாரம் மருந்து. அதோடு நிறுத்தம்.

இப்போது வயிற்றில் முடி முளைத்துவிட்டது. டைகர் வாசலில் படுத்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது.

அலமாரியில் பத்திரமாக இருந்த அந்த ஒற்றைக் காப்ஸ்யூல்? குமாஸ்தா அதை எடுத்துக் குப்பையில் போடப் போனார். மனைவி தடுத்தாள்.

"குப்பையில போட்டா தெரு நாய் திங்கும்ங்க!"

காப்ஸ்யூலைப் பிரித்துப் பழைய காப்பித் தூளோடு பிசைந்து, பையில் கட்டிப் போட்டார். பிறகு மாலை மருந்துக் கடைக்குப் போனார். இந்தத் தடவை கையில் டாக்டர் சீட்டு இருந்தது.

"யாருக்கு சார்?" என்றான் பையன்.

"நாய்க்குத்தான். ஆனா இனிமே யார் வந்து கேட்டாலும், முதல்ல சீட்டைக் கேளு தம்பி!"